நின்ற பிறகு ஒரு துளி பட்டாலும்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் பெண் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைப்பைக் கேட்டதும் பின்வரிசையில் அண்ணாச்சிமார் சிலர் எழுந்திருக்கப் பார்த்தீர்கள். உட்காருங்கள். ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுக்கப் போவது நீங்கள்தானே.

என் பெரியம்மாவுக்கு அப்போது 61 வயது. மாதவிடாய் நின்று பத்து வருஷம் ஆகியிருந்தது. ஒருநாள் உள்பாவாடையில் லேசாக ரத்தக்கறை. உடம்புச் சூடு என்று நினைத்து இளநீர் குடித்தார், வெந்தயம் ஊறவைத்துச் சாப்பிட்டார். வீட்டிலேயே டாக்டர் நான் இருக்கிறேன்; என்னிடம் எட்டு மாதம் வாய் திறக்கவில்லை. "இதப் போய் ஒங்கிட்ட எப்படிம்மா சொல்ல?" என்றார்.

மாதவிடாய் முழுதாக ஒரு வருஷம் நின்ற பிறகு எப்போது ரத்தம் பட்டாலும், ஒரு துளியானாலும், டாக்டரைப் பார்க்க வேண்டும். பயமுறுத்தவில்லை. அப்படி வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குப் புற்றுநோய் இருக்காது. உட்சுவர் வற்றி மெலிந்திருக்கும், அல்லது பாலிப் என்கிற சிறு சதை வளர்ந்திருக்கும். ஆனால் மாதவிடாய் நின்ற பின் கர்ப்பப்பை உட்சுவரில் புற்றுநோய் வந்தவர்களைக் கேட்டால், பத்துக்கு ஒன்பது பேர் முதலில் கண்டது இந்த ரத்தத்தைத்தான். "போன வருஷம் பாப் ஸ்மியர் எடுத்தேனே, நார்மல்" என்று இருந்துவிடாதீர்கள். அது கர்ப்பப்பை வாய்க்கான சோதனை. இது உள்ளே இருக்கிற வேறு நோய்.

அந்தப் பத்தில் ஒருவர் யார் என்று எப்படிப் பிரிப்பது? இங்கேதான் ஸ்கேன் வருகிறது. நம் விசைப்படகுகளில் எக்கோ சவுண்டர் பார்த்திருப்பீர்கள். ஒலியைக் கீழே அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தை வைத்து ஆழத்தைச் சொல்லும். அல்ட்ராசவுண்டும் அதே வேலைதான், கதிர்வீச்சு கிடையாது. 1950-களில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் என்ற மகப்பேறு மருத்துவர், கொதிகலன் ஆலையில் உலோகத்தில் விரிசல் தேடும் ஒலிக்கருவியைப் பார்த்துவிட்டு, அதையே வயிற்றுக் கட்டிகள் மேல் வைத்துப் பார்த்தார். குணப்படுத்த முடியாத புற்றுநோய் என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்கு, அது வெறும் நீர்க்கட்டி என்று தெரியவந்து, அறுவை சிகிச்சையில் பிழைத்தார். 1958-ல் 'லான்செட்' இதழில் அந்த ஆய்வு வெளியானது.

சீட்டில் டி.வி.எஸ். என்று எழுதித் தருவார்கள். வண்டிக் கம்பெனி அல்ல. பிறப்புறுப்பு வழியாக, உறை போட்ட மெல்லிய கருவியை வைத்துப் பார்க்கும் ஸ்கேன். கர்ப்பப்பைக்கு மிக அருகில் போவதால் படம் தெளிவாக வரும். வயிற்று ஸ்கேனுக்குப்போல் தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டு உட்கார வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டுப் படுத்தால் போதும். அறையில் ஒரு பெண் உதவியாளர் இருக்க வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள்.

உட்சுவர் மிகத் தடித்திருக்கும் இடத்தில் அதன் கனத்தை அளப்பார்கள். மாதவிடாய் நின்று ரத்தம் பட்டவருக்கு அது 4 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் கீழே என்றால், புற்றுநோய் இருக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. பெரும்பாலும் நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பலாம். ஆனால் ரத்தம் மறுபடி மறுபடி வந்தால் அந்த 4-ஐ நம்பி உட்காரக் கூடாது. சில வகைப் புற்றுநோய் மெலிந்த சுவரிலும் வரும். மாதவிடாய் நிற்காத பெண்கள் இந்த அளவைத் தங்களுக்குப் போட்டுப் பார்த்துக் கலங்க வேண்டாம். மாதத்துக்குள்ளேயே அவர்களுக்குச் சுவர் தடித்து மெலியும்.

4-க்கு மேல் இருந்தால் அதுவே தீர்ப்பு அல்ல. நம் ஊரில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், பாரில் சிப்பி நிறைய இருக்கிறது என்றவுடன் அறிவித்துவிட மாட்டார்கள். கொஞ்சம் சிப்பி எடுத்துத் திறந்து பார்த்த பிறகுதான் முடிவு. பயாப்ஸியும் அப்படித்தான். மெல்லிய குழாயால் துளி சதை எடுத்துப் பரிசோதிப்பார்கள். பலருக்கு மயக்க மருந்துகூடத் தேவைப்படாது.

பெரியம்மாவுக்கு 13 மில்லிமீட்டர். பயாப்ஸியில் புற்றுநோய் என்று வந்தது. நோய் தசைச் சுவரில் பாதி ஆழத்தைத் தாண்டியிருக்கிறதா என்று ஸ்கேனிலும் எம்.ஆர்.ஐ.யிலும் பார்த்தார்கள். தாண்டவில்லை. கர்ப்பப்பையோடு கருக்குழாய், சினைப்பைகளையும் எடுத்தார்கள். எட்டு மாதம் அடக்கி வைத்தும் தப்பித்தது அவர் அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

உடல் பருமன், சர்க்கரை, இளவயதில் பி.சி.ஓ.டி. இருந்தவர்கள், மார்பகப் புற்றுநோய்க்காக டமாக்சிஃபென் சாப்பிடுகிறவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். மற்றபடி எந்தத் தொந்தரவும் இல்லாமல் "எதற்கும் ஒரு ஸ்கேன்" எடுக்க ஓட வேண்டாம். காசும் போகும், தூக்கமும் போகும்.

டாக்டரிடம் போகும்போது கடைசி மாதவிடாய் எந்த வருஷம், ரத்தம் என்றைக்குப் பட்டது, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். எல்லார் முன்னாலும் கேட்கக் கூச்சமாக இருந்தால், கூட்டம் முடிந்த பிறகு நான் இங்கேதான் இருப்பேன்.