டவர் கிரேன் ஆபரேட்டர் பணி: பயிற்சியும் பொறுப்பும்



மஸ்கட்டின் கட்டடப் பணிகளில் ஹெல்பராகச் சேர்ந்தவரும் டவர் கிரேன் ஆபரேட்டராக உயர இயலும். சுமை கட்டும் ரிக்கர், சைகை காட்டும் சிக்னல்மேன் ஆகிய பணிகள் அதற்கு நல்ல படிகளாகும். பின்னர் முறையான பயிற்சியும் தேர்வும் சான்றிதழும் தேவை. பார்வை, செவித்திறன் குறைகளை மறைத்தல் கூடாது.

பயிற்சியில் முதன்மையானது சுமை அட்டவணையைப் படிக்கக் கற்பதே. சுமை கோபுரத்திலிருந்து விலகிச் செல்லச் செல்ல, கிரேனின் தூக்கும் திறன் குறையும். அருகில் எளிதாக எழும் எடை, கிரேன் கையின் நுனியில் விபத்தாக முடியக்கூடும். காற்றின் வேகம் உற்பத்தியாளர் குறித்த எல்லையைத் தாண்டினால் பணியை நிறுத்த வேண்டும். பணி முடிந்தபின், கை காற்றின் போக்கில் தானே சுழலுமாறு விடப்பட வேண்டும்.

ஓமானில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நண்பகல் 12.30 மணி முதல் 3.30 மணி வரை திறந்தவெளிப் பணிக்குத் தடை உண்டு. அந்நேரத்தை ஈடுகட்ட, பின்னர் அவசரப்படுத்துவோர் இருக்கலாம். எடை தெரியாத சுமையை, "தூக்கு" என்று மேற்பார்வையாளரே வற்புறுத்தினும், "இயலாது" என மறுப்பவரே தேர்ந்த ஆபரேட்டர். வேலை போய்விடுமோ என்னும் அச்சம் இயல்பே. எனினும் கீழே நிற்பவருக்கும் ஊரில் குடும்பம் காத்திருக்கிறது. மறுத்த நேரத்தையும் காரணத்தையும் பணிக்குறிப்பேட்டில் எழுதி வைத்தல் நன்று.

விபத்தின்றிப் பணியாற்றிய ஆண்டுகளே லிஃப்டிங் சூப்பர்வைசர் பதவிக்குத் துணை நிற்கும்.