நெடியவர்க்கேற்ற மேலங்கி

புத்தளத்திலிருந்து கற்பிட்டிக்கு மோட்டார் சைக்கிளிற் செல்வோர், உப்பு விளையும் வெயிலையும் களப்புக் காற்றையும் ஒருங்கே எதிர்கொள்கின்றனர். இவ்வெப்பத்திற்கு உகந்தது காற்றுப் புகும் வலைத்துணி மேலங்கியே. எனினும், நெடிதுயர்ந்தோர்க்கு அது எளிதிற் பொருந்துவதில்லை. கைநீளம் கருதிப் பெரிய அளவை வாங்கினால், உடல் தொளதொளக்கும். விழும்போது முழங்கைக் காப்பு இடம் விலகி, எலும்பு அடிபடும்.

ஐரோப்பாவின் ஈ.என். 17092 நியமம் இத்தகைய ஆடைகளை ஏ.ஏ.ஏ. முதல் சி வரை தரம்பிரிக்கின்றது. ஆயினும், தத்தம் உடலுக்குப் பொருந்துமா என்பதை அணிபவரே பார்த்தல் வேண்டும். நின்றவாறு அளவு பாராது, வண்டியில் அமர்ந்து, கைப்பிடியைப் பற்றிப் பார்ப்பதே முறை. அப்போது மணிக்கட்டும் இடுப்பும் மறைந்திருத்தல் வேண்டும். காப்பு முழங்கையிலேயே நிற்றல் வேண்டும். புயத்திலும் இடுப்பிலும் இறுக்கும் பட்டிகள் இருப்பின், மிகுந்த அகலத்தைக் குறைத்துக்கொள்ளலாம். குறைந்த நீளத்தைக் கூட்ட வழியில்லை. ஆதலின், நீளத்தையே முதலிற் கவனித்தல் நலம்.