விரல் நுனியில் பிறந்த இசை



கையை நம்பிப் பிழைக்கும் குடும்பத்தில், விரலில் காயம் பட்டால் வீட்டு அடுப்பே தடுமாறும். இன்று நாம், விரல் நுனிகளை இழந்த ஒரு தொழிலாளியையும் அவரால் உருவான இசையையும் பற்றி அறிந்துகொள்வோம்.

இங்கிலாந்தின் பர்மிங்காம், அக்காலத்தில் ஆலைகள் நிறைந்த நகரமாக இருந்தது. அங்கே ஆஸ்டன் பகுதியில் தொழிலாளர் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்தன. அப்பகுதி இளைஞரான டோனி ஐயோமி, 17ஆம் வயதில் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்தார். வேலையை விட்டு விலகும் கடைசி நாளன்று, வராத ஒருவருக்குப் பதிலாக, பழக்கமில்லாத இயந்திரத்தில் அவரை நிறுத்தினார்கள். வலக்கையின் இரண்டு விரல் நுனிகள் போயின. அவர் இடக்கைப் பழக்கம் உள்ளவர்; கித்தார் தந்திகளை அழுத்துவது அந்த வலக்கைதான்.

சோர்ந்திருந்தவருக்குத் தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஓர் இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். அது ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்தது. 1928இல் தீ விபத்தில் இரண்டு விரல்கள் முடங்கிய பின்னும் கித்தார் மேதையாக விளங்கியவர் அவர். ஐயோமிக்கு நம்பிக்கை பிறந்தது. பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுறை செய்தார். அதன்மேல் தோல் ஒட்டினார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னர் தந்திகளைத் தளர்த்தி, சுருதியையும் இறக்கினார். ஒலி கனத்தது.

1968இல் அவரும் ஓசி ஒஸ்போர்ன், கீசர் பட்லர், பில் வார்ட் ஆகியோரும் சேர்ந்து அமைத்த குழுவே, பின்னர் பிளாக் சபாத் என்று பெயர் பெற்றது. 1970 பிப்ரவரியில் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. அதன் பாடல்கள் பெரும்பாலும் ஒரே நாளில் பதிவானவை. இவர்கள் அச்சத்தையும் போரின் கொடுமையையும் பாடினார்கள். விமர்சகர் பலர் இகழ்ந்தனர். இளைஞர்களோ விரும்பி வாங்கினர். ஹெவி மெட்டல் என்னும் இசைவகைக்கு இக்குழு வழிகாட்டியாயிற்று. அமெரிக்காவின் மெட்டாலிக்கா போன்ற புகழ்பெற்ற குழுக்கள் இவர்களைத் தம் முன்னோடிகளாகப் போற்றுகின்றன.

2025 ஜூலை 5ஆம் நாள், அந்த நால்வரும் ஆஸ்டனிலுள்ள வில்லா பார்க் திடலில் கடைசி முறையாகச் சேர்ந்து இசைத்தார்கள். அதே மாதம் 22ஆம் நாள் ஒஸ்போர்ன் காலமானார்.

நேயர்களே, விபத்தை நாம் புகழவில்லை. பழகாத இயந்திரத்தில் யாரையும் நிறுத்தக் கூடாது. இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வைப்போம். ஆனால் கை ஊனமுற்ற ஒருவரை, 'இனி இவரால் ஆகாது' என்று ஒதுக்குமுன் சற்றே நிற்போம். ஐயோமி, மிஞ்சிய விரலுக்கு ஏற்பக் கருவியைத் திருத்திக்கொண்டார். அதற்குத் துணைநின்றது, உடன் இருந்தவர் போட்டுக் காட்டிய ஓர் இசைத்தட்டு. அத்தகைய துணையாக நாமும் இருக்கலாம் அல்லவா?