அளவு ஒன்று, உடல் இரண்டு



புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டு பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. ஆண்கள் பயின்ற மன்னர் கல்லூரியில் இடம்பெற்று, பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912இல் பட்டம் பெற்றார். பெண்ணும் மருத்துவராகலாம் என்பதை இம்மண்ணின் மகள் நிலைநாட்டினார். ஆயினும், பெண்ணுடலைத் தனியே ஆராய வேண்டும் என்பதை மருத்துவ உலகம் உணர நெடுங்காலம் ஆயிற்று. உயர் இரத்த அழுத்தமே அதற்குச் சான்று.

மாத்திரையால் இரத்த அழுத்தத்தைத் தணித்தால் பக்கவாதம் முதலிய கேடுகள் குறையும் என்று காட்டிய முன்னோடி ஆய்வு, அமெரிக்காவில் 1967இல் வெளிவந்தது. அதில் இடம்பெற்ற 143 பேரும் ஆண்களே.

140/90 என்னும் அளவு இருபாலார்க்கும் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அதனை எட்டும் வழியே வேறு. இளமையில் இந்நோய் ஆண்களிடம் மிகுதி. மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு அழுத்தம் விரைந்து ஏறுகிறது. முதுமையில் ஆண்களையும் விஞ்சுகிறது. கருவுற்ற காலத்தில் அழுத்தம் உயர்ந்து, பேற்றுக்குப்பின் தணிந்தவர்களுக்கும் பிற்காலத்தில் அது மீளும் வாய்ப்பு மிகுதி. ‘பிள்ளை பிறந்ததும் சரியாயிற்று’ என்று அதனை மறந்துவிடுதல் பிழை.

மருந்தின் பக்கவிளைவும் ஒன்றுபோல் இல்லை. எனலாபிரில் தரும் வறட்டு இருமல், அம்லோடிபின் தரும் கால்வீக்கம், சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையால் வரும் சோடியக் குறைவு ஆகியன பெண்களிடமே மிகுதி. எனலாபிரில், லோசார்டான், டெல்மிசார்டான் ஆகியவை கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு செய்வன. குழந்தைப்பேறு வேண்டுவோர் அதனை முன்னரே மருத்துவரிடம் கூறி மாற்று மருந்து பெறுதல் வேண்டும். எதனையும் தாமே நிறுத்துதல் ஆகாது.

நோன்பு நாளிலும், பொழுது சாயுமுன் உண்ணும் இல்லத்திலும் இரவு மாத்திரையை விட்டுவிடாமல், மருத்துவரைக் கேட்டு வேளையை மாற்றிக்கொள்ளலாம்.

ஆடவரிடத்தும் குறை உண்டு. நோவு இல்லையே என்று அளந்து பாராமலே காலம் கடத்துவோர் அவர்களில் பலர். பெண்களின் குறையோ வேறு. கணவருக்கு வேளை தவறாது மாத்திரை எடுத்துத் தரும் இல்லத்தரசி, தமக்கு அளந்து பார்ப்பதில்லை. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகாதாரத் தன்னார்வலர் வாசலுக்கே வருகிறார். அவர் வரும் நாளில் கணவரின் கையோடு மனைவியின் கையும் நீளட்டும்.