லயத்துக் கதவே போதும்
(கொழும்பில் வேலை செய்யும் தோட்டத்து இளைஞர்களிடம் களனியில் பேசியது)



வெள்ளவத்தைக் கடையிலும் கொட்டாஞ்சேனைப் பண்டசாலையிலும் நிற்கிற நீங்கள் தீபாவளிக்கு ஊருக்குப் போவீர்கள். அப்போது அம்மாவை, பாட்டியை ஒரு நல்ல படம் எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் வந்தோம். நம்ம காம்பராக்களில் மாலை போட்டுத் தொங்குகிற படங்களைப் பாருங்க. எத்தனையோ படம் அடையாள அட்டைப் படத்தைப் பெரிசாக்கினது. ஆள் போன பிறகுதானே தேடுகிறோம்!

"லைட்டுக்கும் ஸ்டூடியோவுக்கும் எங்கே போறது?" என்பீர்கள். இந்தக் களனி கங்கைக்கு மேலேயிருந்து தண்ணீர் அனுப்புகிற போகவந்தலாவையில், புனித மரியாள் ஆலயத்தில், ஜூலியா மார்கரெட் கமரன் என்ற அம்மாள் அடக்கமாகியிருக்கிறார். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863இல், 48 வயதில், மகளும் மருமகனும் கமெரா பரிசளித்த பிறகுதான் படம் பிடிக்கத் தொடங்கினார். இங்கிலாந்தில் அவருக்கு ஸ்டூடியோ, வீட்டுக் கோழிக்கூடு. நிலக்கரி போடுகிற அறைதான் இருட்டறை. கண்ணாடி வழியே வந்த பகல் வெளிச்சத்தைத் திரை போட்டு அடக்கி, ஒரு பக்கமாக முகத்தில் விழவிட்டார். அவ்வளவுதான் அவருடைய லைட்.

கோழிக்கூட்டுக்கு நம்ம காம்பரா குறைந்ததா?

காலையில் கதவைத் திறந்து, இரண்டு முழம் உள்ளே தள்ளி, அம்மாவின் ஒரு கன்னம் வாசலைப் பார்க்கும்படி உட்கார வையுங்கள். வாசலுக்கு முதுகு காட்டினால் முகம் இருண்டுவிடும். வெயில் நேராக அடித்தால் வாசலில் மெல்லிய வெள்ளை வேட்டியைக் கட்டுங்கள். மறுபக்கக் கன்னத்துக்கு, படத்தில் விழாமல், ஒரு வெள்ளை மட்டையைத் தம்பி பிடிக்கட்டும். பழைய தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருந்த பளபளப்புத் தாள் எங்காவது கிடந்தால் இன்னும் நல்லது. புகை படிந்த சுவரை மறைக்க ஒரு கம்பளி. பல்பை அணைத்துவிடுங்கள், மஞ்சள் வெளிச்சம் கலந்தால் முகம் இரண்டு நிறமாகும். போனில் முகத்தின் மேல் விரலை வைத்துவிட்டு எடுங்கள். கண்ணுக்குள்ளே வாசல் சின்னதாக மின்னினால் இடம் சரி.

வெளுப்பாக்குகிற சித்து வேலை மட்டும் வேண்டாம். அம்மா கறுப்பென்றால் கறுப்புத்தான். (அடையாள அட்டைக்கு இந்தப் படம் செல்லாது. அதற்குப் பதிவு பெற்ற ஸ்டூடியோவுக்குத்தான் போகவேண்டும்.)

கமரன் அம்மாள், புருஷனுக்குக் கோப்பித் தோட்டம் இருந்ததால் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் டிக்கோயாப் பக்கம் காலமானார். அதற்குள் நம் தமிழ்த் தொழிலாளரையும் படம் எடுத்தார். இலங்கையில் எடுத்ததில் மிஞ்சியது முப்பதுக்கும் குறைவு. களுத்துறையில் அவர் படம் எடுத்த மேரியன் நோர்த் என்ற வெள்ளைக்கார ஓவியரின் பெயர் பதிவாகியிருக்கிறது. நம்ம ஆட்கள் படத்தில் "தொழிலாளி", "குடியானவர்" என்பதோடு சரி. அவர் யார் பெத்த பிள்ளையோ!

ஆகவே படத்தைக் கழுவி எடுத்ததும், பின்பக்கம் அம்மாவின் முழுப் பெயரையும் தோட்டம், டிவிசன், திகதியையும் பேனாவால் எழுதுங்கள்.