நெசவாளர் குடும்பத்திற்குக் கோழியும் பசுவும்

(கண்ணமங்கலத்தில் நெசவாளர் கூட்டமொன்றில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



பட்டு நெசவில் பரம்பரையாகக் கைதேர்ந்த உங்களிடம் நான் தறியைப் பற்றிப் பேசப் புகுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். ஆகையால் தறியை விடுத்து, வீட்டிற்குப் பின்னாலுள்ள கொல்லைப்புறத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

உங்கள் தொழிலில் வருஷம் பன்னிரண்டு மாதமும் ஒரே சீராக வருமானம் வருவதில்லை. மழைக்காலத்தில் தெருவில் பாவு விரிக்க இயலாது. குழித்தறியில் ஈரம் ஊறும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாமையால் சேலை தேங்கும். பட்டு நூலும் ஜரிகையும் விலை ஏறினால் வேலை கொடுப்பவர் கையைச் சுருக்கிக் கொள்வார். அவ்வேளைகளில் அடுப்பெரிவது முன்பணத்தால்தான். முன்பணம் வாங்கியவன் பிறகு கூலியைப் பேரம் பேச முடியாது என்பதை உங்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கொல்லைப்புறத்திலிருந்து சிறு வருமானம் ஒன்று ஓயாமல் வருமாயின், அம்முன்பணத்தில் ஒரு பகுதியேனும் குறையும். உபதொழிலால் உண்டாகும் பெரிய நன்மை இதுவே. இதனால் செல்வந்தராகலாம் என்று நான் சொல்லவில்லை.

முதலாவது கோழி

பசுவுக்கு முன்னர்க் கோழியைத் தொடங்குங்கள். இதற்குக் கடன் வேண்டுவதில்லை; நஷ்டம் வந்தாலும் குடும்பம் தாங்கும். ஒரு சேவலும் எட்டு அல்லது பத்துப் பெட்டைகளும் ஆரம்பத்திற்குப் போதும். நாட்டுப் பெட்டை வருஷத்திற்குச் சுமார் 60 முட்டைகளே இடும். எனினும் தானே அடைகாத்து, 21 நாட்களில் குஞ்சு பொரித்து, அவற்றைத் தானே மேய்த்து வளர்க்கும். வெள்ளை லெக்ஹார்ன் போன்ற சீமை ஜாதி மிகுதியாக முட்டையிடும். ஆனால் அடைகாக்கும் குணம் அதனிடம் அற்றுப்போயிற்று. ஆகவே நாட்டுப் பெட்டைகளை முழுவதும் ஒழித்துவிட்டுச் சீமைக் கோழியை நாடுவது புத்திசாலித்தனமன்று. சேவலை மட்டும் இரண்டு வருஷத்திற்கொருமுறை வேற்றூரிலிருந்து கொண்டுவந்து மாற்றினால் இனம் கெடாதிருக்கும்.

குஞ்சுகளில் பெரும்பாலானவை பருந்து, கீரி, பூனை ஆகியவற்றுக்கும் நோய்க்கும் இரையாவதுதான் நாட்டுக்கோழியில் லாபம் காணாமைக்குக் காரணம். தரையினின்றும் இரண்டடி உயரத்தில், காற்றோட்டமுள்ளதாக, கோழி ஒன்றுக்கு ஒரு சதுர அடிக்குக் குறையாமல் இராக்கூடு அமைக்க வேண்டும். அது தறிக்கூடத்திற்கு எட்டியே இருக்கட்டும். கோழியின் காலும் பட்டு இழையும் ஓரிடத்தில் சேரலாகாது.

நோய்களில் கொடியது வெள்ளைக் கழிச்சல். 1926-ல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாஸிலிலும் காணப்பட்ட இந்நோய், 1927-ல் குமாவும் மலைப்பிரதேசத்து ராணிகேத்தில் காணப்பட்டமையால், நம் நாட்டில் ராணிகேத் நோய் என வழங்கலாயிற்று. வந்தபின் இதற்கு மருந்தில்லை. வருமுன் தடுப்பூசி உண்டு. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் ஊசி, இவ்வளவே. நம் அண்டையிலுள்ள ராணிப்பேட்டையில் 1932-ல் நிறுவப்பட்ட கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இத்தகைய மருந்துகளைத் தயாரித்து வருகிறது. ஒருகாலத்தில் கிராமம் கிராமமாக மாடுகளை வாரிக்கொண்டுபோன வெக்கை நோய், விடாது தடுப்பூசி போட்டதனாலேயே 2006-ல் இந்தியாவை விட்டும், 2011-ல் உலகை விட்டும் நீங்கிற்று. மாட்டுக் கொள்ளைநோயையே ஒழித்த முறை ஒரு கூட்டுக் கோழியைக் காவாதோ?

கோழியும் முட்டையும் வெகுகாலமாகப் பெண்டிர் கையில் இருந்து வந்தவை. அவ்வருமானம் அவர்கள் கையிலேயே இருக்கட்டும். அது குழந்தைகளின் புத்தகத்திற்கும் மருந்துக்கும் போய்ச்சேரும் என்பது என் அனுபவம்.

இரண்டாவது பசு

கோழியை ஒரு வருஷம் ஒழுங்காகப் பேணியவர்கள் பசுவைப் பற்றி யோசிக்கலாம். ஆனால் மாட்டுச் சந்தைக்குப் புறப்படுமுன் புல்லுக்கு வழிதேடுங்கள். நாளொன்றுக்கு 8 லிட்டர் கறக்கும் கலப்பினப் பசுவுக்குச் சுமார் 25 கிலோ பசுந்தீவனமும், 5 கிலோ வைக்கோலும், உடலைக் காக்க ஒரு கிலோவும் கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லிட்டருக்கு ஒரு கிலோவுமாக நாலு கிலோவுக்குச் சற்று மேல் அடர்தீவனமும் வேண்டும். தண்ணீர் எந்நேரமும் எட்டும்படி இருத்தல் வேண்டும். சாயப்பட்டறைக் கழிவுநீர் ஓடும் வாய்க்காலில் மாடு வாய்வைக்க விடலாகாது. கம்பு நேப்பியர் புல்லும் வேலியோரத்தில் அகத்தியும் பயிரிடப் பத்து சென்ட் பாசன நிலமேனும் சொந்தமாகவோ குத்தகையாகவோ இல்லாதவர், தீவனம் முழுவதையும் விலைகொடுத்து வாங்க நேரிடும். அவர் கறக்கும் பால் தீவனக் கடைக்காரருக்கே போய்விடும். அத்தகையோர் கோழியோடு நிற்பது நலம். அதில் அவமானம் ஒன்றுமில்லை.

பசு கறப்பது சுமார் பத்து மாதம். தின்பது பன்னிரண்டு மாதம். இவ்விரண்டு எண்களையும் மறந்தே பலர் கடனாளியாகின்றனர். சினைப்பருவம் 21 நாட்களுக்கொருமுறை வரும். அதைக் கவனியாது விட்டால் 21 நாள் தீவனம் வீண். காலையில் அறிகுறி கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் சினையூசி போடுவது வழக்கம். கன்று பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால் ஊட்ட வேண்டும். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருப்பது தவறான பழக்கம். கால்-வாய் காணைக்கு ஆறு மாதத்திற்கொரு தடுப்பூசி தவறலாகாது.

கடனும் கணக்கும்

இனி என் இலாகாவைச் சேர்ந்த விஷயத்திற்கு வருகிறேன். கறவைக் கடனை மாதாமாதம் ஒரே தவணையாகக் கட்டுவதாக ஒப்புக்கொண்டு, பால் வற்றிய மாதங்களில் தவணை தவறி, வட்டி ஏறி, கடைசியில் பசுவையே விற்றுக் கடனை மட்டும் மீதியாக வைத்துக்கொண்ட குடும்பங்கள் பல. கறக்கும் மாதங்களில் பால்பணத்திலிருந்து பிடித்துக்கொள்ளுமாறும், வற்றிய மாதங்களில் தவணை இல்லாமலும் கடனை ஏற்படுத்திக்கொள்ளக் கேளுங்கள். பசுவின் பேரில் வாங்கிய பணத்தைக் கல்யாணத்திற்குச் செலவிடாதீர்கள். காப்பீடு செய்து, காதிலுள்ள வில்லை விழுந்துவிட்டால் உடனே எழுதித் தெரிவித்து வேறு வில்லை போட்டுக்கொள்ளுங்கள். வில்லையின்றேல் இறந்த மாட்டிற்கு ஈட்டுத்தொகை பெறுவது அரிது. தீவனச் செலவு, பால் வரவு இரண்டையும் தினந்தோறும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறியுங்கள். சேலைக்கு இழை எண்ணத் தெரிந்த உங்களுக்கு இது பெரிய காரியமன்று.

கூடி விற்றல்

தனித்தனியே விற்பவர்க்கு விலை கிடைப்பதில்லை. இன்று கன்னியாகுமரி ஜில்லாவிலுள்ள மார்த்தாண்டத்தில், 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் நடத்திய கிராம புனருத்தாரண நிலையத்தில், ஏழைக் குடியானவர்களின் முட்டைகளை ஒன்றாகச் சேர்த்து விற்பதற்கு ஏற்பாடு செய்தனர். குஜராத்தில் கேடா ஜில்லாப் பால்காரர்கள் தரகருக்குக் கட்டுப்பட்டிருந்த நிலையை வெறுத்து 1946-ல் ஆனந்த் நகரில் தங்கள் சொந்தச் சங்கத்தைக் கண்டனர். அம்முறையே பின்னர் நாடெங்கும் பரவிற்று. நம் மாகாணத்தில் பால் சங்கங்களின் தலைமை இணையம் 1981 முதல் இயங்கி வருகிறது. ஆவின் என்றால் குழந்தையும் அறியும்.

சங்கத்தில் பாலை அளந்து, கொழுப்பும் இதரச் சத்தும் பார்த்தே விலை கொடுப்பார்கள். தண்ணீர் கலந்தவன் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறான். தனியார் பால்காரரிடம் முன்பணம் வாங்கிவிட்டால், தறியில் பட்ட பாடே தொழுவத்திலும் படவேண்டும். ஒரு கட்டினின்றும் விடுபட வேண்டிச் செய்யும் தொழிலில் இன்னொரு கட்டை மாட்டிக்கொள்ளாதீர்கள் என்பதே நான் உங்களை முக்கியமாக வேண்டிக்கொள்வது.

ஆகவே சுருங்கச் சொல்லுமிடத்து: இவ்வருஷம் பத்துக் கோழி, தவறாத தடுப்பூசி, ஒரு கணக்குப் புத்தகம், அடுத்த வருஷம் புல், அதன் பிறகே பசு, பசு வந்த அன்றே சங்கத்தில் அங்கத்தினர் சீட்டு. இவ்வரிசையை மாற்றாதவர்க்கு நஷ்டம் வரினும் அது சிறிதாகவே இருக்கும்.