நிரல் எழுதுவோர்க்கு இலகுவான கருவிகள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இசையும் நாடகமும் காத்திருக்கும் மேடையில் கணிப்பொறியைப் பற்றிப் பேச நிற்பது சற்று அச்சத்தைத் தருகிறது. எனினும், சங்க நூலக அறையில் சனிக்கிழமைதோறும் மாணவர்க்கு நிரல் எழுதப் பயிற்றுவிக்கும் நாம் மூவரும், ஓராண்டுக் காலமாகக் கண்டதை இவ்வவையின்முன் வைக்கக் கடமைப்பட்டுள்ளோம். எம்மிடம் வந்த கேள்விகளுள் பாதிக்கு மேற்பட்டவை நிரலைப் பற்றியன அல்ல. "இந்த லேப்டாப் போதுமா, புதிது வாங்க வேண்டுமா?" என்பதே அக்கேள்வி. அதைக் கேட்டவர்களும் மாணவர்கள் அல்லர், பெற்றோர்கள்.

சென்ற மழைக்காலத்தில், நம் குடியிருப்பில் பணி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் தம் பேத்தியை அழைத்துக்கொண்டு வந்தார். அப்பெண் அவ்வாண்டுதான் பொறியியற் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். அண்ணன் விட்டுச் சென்ற பழைய லேப்டாப் அவளுடையது, நினைவகம் 4 ஜிகாபைட், உள்ளே சுழல்தட்டு. கல்லூரியில் கொடுத்த பட்டியலின்படி பெரிய ஐ.டி.ஈ. ஒன்றை அதில் ஏற்றியிருந்தார்கள். "மாமா, அது திறப்பதற்குள் அம்மா இரண்டாம் ஈடு இட்டிலி எடுத்துவிடுகிறாள்" என்றாள் அப்பெண். பெரியவர் சிரிக்கவில்லை. வங்கியில் இட்டிருந்த வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்னரே எடுத்துப் புதிய லேப்டாப் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டே வந்திருந்தார். நாம் அவளிடம் கேட்டது ஒன்றுதான்: இந்தப் பருவத்தில் எழுத வேண்டிய நிரல் எத்தனை வரி? சி மொழியில் நாற்பது வரி, மிஞ்சினால் ஐம்பது வரி என்றாள்.

ஐ.டி.ஈ. என்றால் என்ன என்று இங்குள்ள தாய்மார்கள் கேட்கலாம். நிரல் எழுதுபவனுக்கு வேண்டியவை நாலைந்து கருவிகள். எழுதுவதற்கு ஓர் எடிட்டர்; எழுதியதைப் பொறிக்குப் புரியும்படி மாற்ற ஒரு கம்பைலர்; பிழை எங்கே என்று நிறுத்தி நிறுத்திப் பார்க்க ஒரு டீபக்கர்; பழைய படிகளைக் காத்து வைக்க ஒரு கருவி. இவை அனைத்தையும் ஒரே கூரையின்கீழ் வைத்துத் தருவதே ஐ.டி.ஈ. இதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆயின், இன்றைய பெரிய ஐ.டி.ஈ. நீங்கள் ஒரு வரியும் எழுதுவதற்கு முன்பே உங்கள் கோப்புகளையும், அவை சார்ந்துள்ள நூலகங்களையும் படித்து அட்டவணை போட்டுக்கொண்டிருக்கும். ஆயிரக்கணக்கான கோப்புகள் கொண்ட நிறுவனத்து வேலைக்கு அவ்வட்டவணை உயிர் போன்றது. ஐம்பது வரி நிரலுக்கோ, இருவருக்குத் தேங்காய்ச் சட்னி அரைக்கக் கல்யாண மண்டபத்துக் கிரைண்டரை ஓட்டுவது போன்றதாகும்.

ஒரே கூரையின்கீழ் வைப்பதனால்தான் பாரம் ஏறியது என்று எண்ணிவிடல் ஆகாது. 1983ஆம் ஆண்டில் போர்லண்ட் நிறுவனம் டர்போ பாஸ்கல் என்பதை 49.95 டாலருக்கு விற்றது. எடிட்டரும் கம்பைலரும் அதில் ஒன்றாகவே இருந்தன. அதன் மூன்றாம் பதிப்பின் முதன்மைக் கோப்பு 40 கிலோபைட்டுக்கும் குறைவு. இன்று கைப்பேசியில் வரும் வணக்கப் படம் ஒன்றேனும் அதைவிடப் பெரிதாக இருக்கும். அக்கம்பைலரை இயற்றியவர் டென்மார்க்கு நாட்டினரான ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பர்க். பின்னாளில் மைக்ரோசாப்டில் சேர்ந்து டைப்ஸ்கிரிப்ட் மொழியை உருவாக்கியவரும் அவரே. 2015இல் வெளிவந்து இன்று உலகெங்கும் பரவியிருக்கும் விஷுவல் ஸ்டூடியோ கோட் பெரும்பாலும் அந்த டைப்ஸ்கிரிப்டில் எழுதப்பட்டது. அதனைப் பலர் இலகுவான எடிட்டர் என்பர். பெரிய ஐ.டி.ஈ.க்களோடு ஒப்பிடின் அது உண்மையே. ஆயினும், எலெக்ட்ரான் என்னும் அடித்தளத்தின்மேல் நிற்பதால், குரோமியம் உலாவியைத் தன் வயிற்றிலேயே சுமந்துகொண்டு வருகிறது. 4 ஜிகாபைட் பொறியில், பக்கத்தில் இன்னொரு உலாவியும் திறந்திருந்தால், இரண்டும் ஒன்றையொன்று நெருக்குகின்றன.

இலகுவான எடிட்டர்களின் பிறப்பைப் பார்த்தால் வறுமையே அவற்றின் தாய் என்பது விளங்கும். 1976ஐ ஒட்டிக் கலிபோர்னியாவின் பெர்க்லியில் மாணவராயிருந்த பில் ஜாய், வி.ஐ. என்னும் எடிட்டரை எழுதத் தொடங்கினார். வீட்டிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியே பல்கலைக்கழகப் பொறியோடு அவர் பேசிய வேகம் 300 பாட்; அதாவது வினாடிக்கு ஏறக்குறைய முப்பது எழுத்து. 80 பத்தியும் 24 வரியும் கொண்ட திரையில் 1,920 எழுத்துகள். திரையை ஒருமுறை முழுதும் வரைய ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும்! அதனால்தான் ஒரு சொல்லை நீக்க இரண்டே எழுத்து, ஒரு வரியை நீக்க இரண்டே எழுத்து என்று கட்டளைகள் அமைந்தன. எச், ஜே, கே, எல் என்னும் விசைகளால் அதில் இடம் நகர்வதைக் கண்டு இளைஞர்கள் வியக்கின்றனர். அவர் பயன்படுத்திய ஏ.டி.எம்-3ஏ முனையத்தில் அம்புக் குறிகள் அந்நான்கு விசைகளின் மேலேயே அச்சிடப்பட்டிருந்தன. வேறு மர்மம் ஏதுமில்லை.

அதன் வழித்தோன்றலாகிய விம், 1991இல் நெதர்லாந்து நாட்டு பிராம் மூலினாரால் வெளியிடப்பட்டது. அவர் அதற்கு விலை கேட்கவில்லை. உகாண்டாவின் கிபாலே பகுதிக் குழந்தைகளுக்கு இயன்றது கொடுங்கள் என்றே கேட்டார். 2023 ஆகஸ்டில் அவர் மறைந்தார். விம் இன்றும் பல்லாயிரம் பொறிகளில் இருக்கிறது.

இங்கே எம் பிழையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் மாதத்தில் உற்சாக மிகுதியால் எல்லாப் பிள்ளைகளுக்கும் விம்மையே கற்பித்தோம். ஒரு சிறுவன் அதிலிருந்து வெளியேறத் தெரியாமல், லேப்டாப்பின் மின்விசையை அழுத்தி அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான்; அடுத்த வாரம் வரவில்லை. வெளியேறுவது எப்படி என்னும் அதே கேள்வியை, நிரலர்களின் வினாவிடைத் தளமொன்றில், 2017ஆம் ஆண்டளவில் பத்து லட்சம் தடவைக்கு மேல் பார்த்திருந்தனராம். ஆகவே குற்றம் அச்சிறுவனுடையதன்று. தொடக்க மாணவனுக்கு இலகு என்பது பொறியின் நினைவகத்தை மட்டும் பொறுத்ததன்று, அவன் நினைவையும் பொறுத்தது என்று அன்று கற்றுக்கொண்டோம்.

பிறகு நாம் கைக்கொண்டது ஜீனி என்னும் சிறு கருவி. 2005இல் தோன்றியது, இலவசமானது, சில பத்து மெகாபைட் நினைவகத்தில் அடங்கும். எஃப்8 விசை தொகுக்கும், எஃப்9 நிரலை முழுமையாக்கும், எஃப்5 ஓட்டும். பைத்தான் கற்போர்க்கு அம்மொழியோடு கூடவே வரும் ஐடில் உண்டு. அதனினும் நன்று, எஸ்தோனியா நாட்டின் தார்த்து பல்கலைக்கழகத்தில் மாணவர்க்கென்றே உருவான தான்னி. நிரல் ஓடுகையில் ஒவ்வொரு மாறியின் மதிப்பும் எப்படி மாறுகிறதென்று அது பக்கத்தில் காட்டும். விண்டோஸை விட மனமில்லாதவர்க்கு 2003 முதல் வந்துகொண்டிருக்கும் நோட்பேட் பிளஸ் பிளஸ் இருக்கிறது. தமிழில் குறிப்பெழுத விரும்புவோர்க்கு ஒரு சொல்: முனையத்துக்குள் ஓடும் எடிட்டர்களில் நம் கொம்பும் காலும் இடம் பிறழ்ந்து தோன்றுவது மிகுதி. சாளரத்தில் ஓடும் ஜீனி, கேட் முதலியவற்றில் அத்தொல்லை குறைவு. பைத்தான் 3இல் மாறிக்கே தமிழ்ப் பெயர் இடலாம். எம் பிள்ளைகள் 'கூட்டல்', 'மீதி' என்று வைத்துக் களிக்கின்றனர்.

பெரியவரின் பேத்திக்குச் செய்தது இதுவே. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டமையால், எக்ஸ்.எஃப்.சி.ஈ. முகப்புடைய லினக்ஸை ஏற்றி, ஜீனியையும் ஜி.சி.சி. கம்பைலரையும் அமைத்தோம். எடிட்டர் உடனே திறந்தது. மூன்றாம் வாரம் வர்க்கமூலம் காணும் நிரல் ஒன்றை எழுதினாள். எழுத்தில் பிழையில்லை, ஆயினும் நிரல் முழுமை பெறவில்லை. இல்லாத ஒன்றைச் சுட்டுவதாகப் பொறி முறையிட்டது. கணித நூலகத்தைத் தனியே இணைக்க வேண்டும் என்பதும், அதற்குக் கட்டளையின் இறுதியில் '-எல்.எம்' என்னும் சிறு குறி வேண்டும் என்பதும் அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தன. தொகுப்பது வேறு, இணைப்பது வேறு என்பதை ஒற்றைப் பொத்தானுக்குள் மூடி வைத்திருந்தால், அவள் அதை எப்போது அறிந்திருப்பாள்? கல்லூரித் தேர்வில் பெரிய ஐ.டி.ஈ.யிலேயே செய்து காட்ட வேண்டுமென்றார்கள். அதை அங்குள்ள ஆய்வுக்கூடத்தில் பழகிக்கொண்டாள். மூன்றாம் பருவத்தில் ஜாவா வந்து பல கோப்புகள் சேர்ந்தபோது பொறி மீண்டும் தள்ளாடியது. சுழல்தட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. ஒன்றும், கூடுதலாக 4 ஜிகாபைட் நினைவகமும் வைத்தோம். ஆன செலவு, புதிய லேப்டாப் விலையில் ஒரு சிறு பகுதியே. வைப்புத்தொகை வங்கியிலேயே இருக்கிறது.

எல்லார்க்கும் இதுவே மருந்து என்று சொல்ல மாட்டோம். கைப்பேசிச் செயலி எழுத விரும்பிய இளைஞர் ஒருவரிடம் பழைய பொறி போதாது என்றே சொல்ல நேர்ந்தது. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவுக்குக் குறைந்தது 8 ஜிகாபைட்டும், பொய்க்கைப்பேசியாகிய எமுலேட்டரையும் ஓட்டுவதாயின் 16 ஜிகாபைட்டும் வேண்டும் என்பது அதன் வெளியீட்டாளர் கூற்று. தம் சொந்தக் கைப்பேசியையே கம்பியால் இணைத்துச் சோதித்தால் எமுலேட்டர் இன்றி முடியும். அவ்வளவே நாம் காட்டிய வழி. பெரிய நிறுவனத்தில் ஒரு செயற்கூறின் பெயரை முந்நூறு கோப்புகளில் பிழையின்றி மாற்ற வேண்டியவரும் பெரிய ஐ.டி.ஈ.யையே நாடுவர், நாடட்டும். 2016இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட மொழிச்சேவக நெறிமுறையினால் இத்தகைய திறன்களுள் பல சிறு எடிட்டர்க்கும் கிட்டியுள்ளன. ஆனால் அச்சேவகனும் சோறு தின்பவனே. சி++ மொழிக்குரியவன் நினைவகத்தை நன்றாகவே உண்பான்.

பழையது எல்லாம் இலகு, இலகுவானது எல்லாம் நன்று என்பாரும் உளர். நம் நாட்டுப் பள்ளி, கல்லூரிகள் பலவற்றில் நெடுங்காலம் நின்ற டர்போ சி++ஸின் நீலத்திரை இங்குள்ள பலர்க்கு நினைவிருக்கும். அது மிக இலகுதான். ஆனால் சி++ மொழிக்குத் தரம் வகுத்தது 1998இல். நீலத்திரை அதற்கு முந்தியது. அதில் பழகியவர்கள் எழுதிய முதல் வரியையே இன்றைய கம்பைலர் ஏற்பதில்லை. கருவி சிறிதாக இருக்கலாம். உள்ளேயிருக்கும் கம்பைலர் இன்றையதாக இருத்தல் வேண்டும்.

வகுப்பு வழக்கம்போல் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு நூலக அறையில் நடைபெறும். பரணில் கிடக்கும் லேப்டாப்பையும் கொண்டுவரலாம். சார்ஜரை மறவாது எடுத்து வாருங்கள். மின்விசையை அணைத்துவிட்டுப் போன அந்தச் சிறுவனின் பெற்றோர் இவ்வவையில் இருப்பின், அவனையும் அழைத்து வரும்படி வேண்டுகிறோம்.